புதிதாய் வந்தவரை எங்கே உட்கார வைப்பது? காஞ்சி சொல்லும் கணக்கு

காஞ்சிபுரம் என்றதும் எல்லோருக்கும் பட்டுச்சேலைதான் ஞாபகம் வரும். அதற்கு அடுத்தது கோவில்கள். ஆனால் பட்டுக்குப் பேர் வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊர் இன்னொரு விஷயத்துக்குப் பேர் வாங்கியிருந்தது. அது வாதம். சைவம், வைணவம், பௌத்தம், சமணம் என்று எல்லாத் தரப்பினரும் ஒரே ஊரில் இருந்துகொண்டு படித்தார்கள், பேசினார்கள், ஒருவரை ஒருவர் மறுத்தார்கள். சீன யாத்ரீகர் யுவான் சுவாங் 640-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய குறிப்பில், இங்கே நூற்றுக்கு மேல் பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாகச் சொல்கிறார். எண்பது தேவர் கோவில்களும், நிறைய சமணர்களும் இருந்ததாக அதே குறிப்பு சொல்கிறது.

அந்தச் சமணர்களின் இடம்தான் வேகவதி ஆற்றை ஒட்டி இருக்கும் திருப்பருத்திக்குன்றம். ஜினகாஞ்சி என்பது அதன் இன்னொரு பெயர். கி.பி. 6-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பள்ளன்கோயில் செப்பேட்டிலேயே இந்த ஊர் வருகிறது. பல்லவ மன்னன் சிம்மவர்மன், பருத்திக்குன்றில் இருந்த வஜ்ரநந்தி என்ற சமண ஆசிரியருக்கு அமண்சேர்க்கை என்ற ஊரைத் தானமாகக் கொடுத்த செய்தி அது. அதாவது 1,400 வருஷங்களுக்கு முன்பே இங்கே ஒரு குரு இருந்தார். அவரைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்தது.

இப்படிப் படிப்பும் பேச்சுமாக இருக்கும் ஒரு கூட்டத்துக்கு ஒரு பிரச்சினை எப்போதும் உண்டு. உள்ளே இருப்பவர்கள் பல வருஷம் படித்தவர்கள். வாசலில் வந்து நிற்பவனுக்கோ ஒன்றும் தெரியாது. அவனுக்கு முறை தெரியாது, சொற்கள் தெரியாது, யாரிடம் எதைக் கேட்பது என்றும் தெரியாது. ஆளுக்கு நூறு வேலை இருக்கும்போது அவனுக்காக யார் மெனக்கெடுவது?

காஞ்சியின் சரித்திரத்தில் இந்தக் கேள்விக்குப் பல விதமான பதில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கோபித்துக்கொண்டு போன மாணவன்

பல்லவர் காலத்துக் காஞ்சியில் கடிகை என்ற உயர்கல்வி நிலையம் இருந்தது. வேத சாஸ்திரங்களைக் கற்கத் தூர தேசங்களில் இருந்தெல்லாம் மாணவர்கள் வந்தார்கள். 4-ஆம் நூற்றாண்டில் அப்படி வந்தவர்களில் ஒருவர் மயூரசர்மன். தன் குருவான வீரசர்மனோடு வந்தார். ஏற்கெனவே படித்தவர்தான், மிச்சத்தையும் படித்து முடிக்கவேண்டும் என்று கடிகைக்குள் நுழைந்தார்.

அங்கே என்ன நடந்தது என்பதைக் கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்தில் இருக்கும் தாளகுந்தா தூண் கல்வெட்டு சொல்கிறது. பல்லவர்களின் குதிரை வீரன் ஒருவனோடு மயூரசர்மனுக்குச் சண்டை வந்தது. அவமானப்பட்டதாக அவர் உணர்ந்தார். படிப்பாளிக்கு ஆயுதக்காரனுக்கு முன்னால் மதிப்பே இல்லையா என்று கொதித்தார். தர்ப்பை பிடித்த கையில் வாளை எடுத்தார். எல்லைக் காவலர்களை வென்று ஸ்ரீபர்வதத்துக் காடுகளில் போய் உட்கார்ந்துகொண்டார். பல்லவர்களுக்கு அடங்கியிருந்த வாணர்களிடம் கப்பம் வாங்கினார். கடைசியில் பல்லவர்களே சமாதானத்துக்கு வந்து அவரை ஓர் அரசனாக ஏற்றுக்கொள்ளவேண்டி வந்தது. வனவாசியைத் தலைநகராகக் கொண்ட கடம்ப அரச வம்சம் இப்படித்தான் ஆரம்பித்தது!

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கடிகையின் ஆசிரியர்கள் மயூரசர்மனை அவமதித்ததாகக் கல்வெட்டில் இல்லை. அவரோடு மோதியவன் ஒரு குதிரை வீரன். ஆனால் புதிதாக வந்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? அவனுக்கு எதிர்ப்பட்ட முதல் ஆள்தான் மொத்த ஊருக்கும் பிரதிநிதி. உள்ளே எவ்வளவு பெரிய மேதைகள் இருந்தாலும், தெருவில் நடந்ததைத்தான் அவன் நெஞ்சில் வைத்துக்கொண்டு போவான். காஞ்சி ஒரு நல்ல மாணவனை இழந்து ஓர் எதிரியைச் சம்பாதித்தது.

அதே கடிகையைப் பற்றி நேர்மாறான ஒரு செய்தியும் உண்டு. 8-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்தபோது, கடிகையாரும் மற்றப் பெரியவர்களும் சேர்ந்து பல்லவர்களின் வேறொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போனார்கள். அவருடைய மகன்களில் மூத்தவர்கள் மறுத்துவிட, 12 வயதுச் சிறுவன் பல்லவமல்லன் மட்டும் வர ஒப்புக்கொண்டான். ஊரைச் சேர்ந்தவர்கள் எதிர்கொண்டு அழைத்துவந்து முடிசூட்டினார்கள். இரண்டாம் நந்திவர்மன் என்ற பெயரில் அவர் 60 வருஷங்களுக்கு மேல் ஆண்டார். அவர் கட்டிய வைகுந்தப் பெருமாள் கோவிலில் இந்தக் கதை முழுவதும் சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஊரே தெரியாத ஒரு சின்னப் பையனைப் பெரியவர்கள் நேரில் போய் அழைத்துவந்ததை, வெட்கப்படாமல் கல்லில் பதிந்துவைத்தார்கள்.

நாளந்தாவின் வாசல்

அப்படியென்றால் வருகிற எல்லோரையும் கேள்வி கேட்காமல் உள்ளே விட்டுவிடவேண்டுமா? அப்படியும் இல்லை.

காஞ்சியோடு நெருங்கிய தொடர்புள்ள இன்னொரு இடம் பீகாரில் இருந்த நாளந்தா. அங்கே வாதத்தில் கலந்துகொள்ள வெளியூரிலிருந்து வருபவர்களை வாசல் காவலரே கடினமான கேள்விகள் கேட்டு சோதிப்பார் என்று யுவான் சுவாங் எழுதுகிறார். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் தோற்றுத் திரும்பிப் போனார்களாம்.

கேட்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஆளை எடைபோட ஓர் அளவுகோல் இருந்தது. கேள்வி எல்லோருக்கும் உண்டு, பதில் சொன்னவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் உள்ளே போகலாம். சீனாவிலிருந்து வந்த யுவான் சுவாங்கையே அங்கே கூட்டமாக எதிர்கொண்டு அழைத்துப்போய், தங்க இடமும் தினசரி அரிசியும் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். அப்போது நாளந்தாவின் தலைவர் சீலபத்திரர். அவருடைய குரு தர்மபாலர். தர்மபாலர் எந்த ஊர் தெரியுமா? நம் காஞ்சிபுரம்தான்.

தர்மபாலர் துறவியான கதையை யுவான் சுவாங் காஞ்சியைப் பற்றிய குறிப்பிலேயே சொல்கிறார். காஞ்சி அமைச்சர் ஒருவரின் மகன் அவர். அரசன் மகளோடு கல்யாணம் நிச்சயமானது. மனம் ஒப்பாமல் புத்தரின் முன் அழுது வேண்டினார். ஒரு தெய்வம் அவரைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொலைவில் ஒரு மலைமடத்தில் விட்டது என்று கதை. மடத்துத் துறவி கதவைத் திறந்தார். உள்ளே ஒரு இளைஞன் உட்கார்ந்திருந்தான். திருடன் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் விரட்டவில்லை. யார், எதற்கு வந்தாய் என்று விசாரித்தார். பையன் மனசைத் திறந்து சொன்னான். மடத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

தெய்வம் தூக்கிப்போன பகுதியை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் கதவைத் திறந்த அந்தத் துறவி செய்தது சின்ன விஷயம் இல்லை. திருடன் என்று சந்தேகம் வந்த பிறகும் ஒரு கேள்வி கேட்டு, பதிலைக் காதுகொடுத்துக் கேட்டார். கேட்காமல் விரட்டியிருந்தால் நாளந்தாவுக்கு ஒரு தர்மபாலர் கிடைத்திருக்க மாட்டார். சீலபத்திரருக்கு ஒரு குரு கிடைத்திருக்க மாட்டார்.

சோதிப்பது வேறு, அவமதிப்பது வேறு. சோதனையில் தோற்றவன் படித்துவிட்டுத் திரும்ப வரலாம். அவமானப்பட்டவன் வரமாட்டான்.

வேஷம் போட்டு வந்தவள்

சில பேருக்குச் சோதனை வரைக்கும் போகவே வழியிருக்காது. அதற்கு உதாரணம் மணிமேகலை.

வஞ்சி நகரத்தில் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கப் போகும்போது மணிமேகலை தன் சொந்த உருவத்தில் போகவில்லை. மந்திரத்தால் ஒரு துறவியின் உருவத்தை எடுத்துக்கொண்டு போகிறாள். ஏன்? அவள் இளையவள், பெண். அதனால் யாரும் அவளுக்குத் தங்கள் கொள்கையைச் சொல்ல மாட்டார்கள் என்று தெய்வமே முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தது. கேள்வி அதேதான், கேட்கும் அறிவும் அதேதான். ஆனால் ஆளைப் பார்த்துத்தான் பதில். வேஷம் மாறினவுடன் எல்லோரும் தாராளமாகப் பேசுகிறார்கள்.

அதற்குப் பிறகு அவள் வந்து சேரும் ஊர் காஞ்சி. அப்போது அங்கே பஞ்சம். முதலில் அமுதசுரபியால் ஊருக்குச் சோறு போடுகிறாள். பிறகு அறவண அடிகளிடம் போகிறாள். வேற்றுருவில் போய் எல்லாவற்றையும் கேட்டேன், அந்த உருவத்தைப் போலவே அந்தக் கொள்கைகளும் எனக்கு ஒட்டவில்லை என்று ஒளிக்காமல் சொல்கிறாள். அறவண அடிகள் கோபப்படவும் இல்லை, ஏளனம் செய்யவும் இல்லை. அளவை என்றால் என்ன, ஒரு வாதத்துக்கு எத்தனை உறுப்புகள், எங்கெங்கே பிழை வரும் என்று தர்க்கத்தின் அரிச்சுவடியிலிருந்தே ஆரம்பிக்கிறார். முடிவை நம்பு என்று சொல்வதற்கு முன்னால், முடிவுக்கு வரும் வழியைக் கற்றுக்கொடுக்கிறார்.

மணிமேகலை ஒரு காப்பியம், சரித்திரக் குறிப்பு அல்ல. ஆனாலும் வேஷம் போட்டால்தான் பேசுவார்கள் என்ற நிலைமையை அந்தக் காலத்துப் படிப்பாளி ஒருவர் உற்றுப் பார்த்து எழுதியிருக்கிறார். யாரெல்லாம் வேஷம் போட்டுக்கொண்டு வரவேண்டியிருக்கிறது என்று பார்த்தாலே ஒரு சபையின் தரம் தெரிந்துவிடும்.

நன்னூல் போடும் கணக்கு

சரி, இவ்வளவு மெனக்கெட்டுப் புதியவர்களைச் சேர்த்துக்கொள்வதால் பழையவர்களுக்கு என்ன லாபம்? இந்தக் கேள்விக்கு அச்சு அசலாக ஒரு வரவு-செலவுக் கணக்கே போட்டுக் காட்டியவர் ஒரு சமணத் துறவி. 13-ஆம் நூற்றாண்டில், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர்.

பள்ளியில் நன்னூல் என்றால் எழுத்தும் சொல்லும்தான் சொல்லித்தருவார்கள். ஆனால் அதன் பாயிரத்தில் யார் ஆசிரியர், யார் மாணவர், எப்படிக் கற்பது என்றெல்லாம் விரிவாக இருக்கிறது. ஒருவனுடைய புலமை எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவர் தரும் கணக்கு இது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதான். கூடப் படிப்பவர்களோடு பழகி விவாதிப்பதில் இன்னொரு கால் பங்கு. மிச்சம் இருக்கும் அரைப் பங்கு? அது மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும்.

இன்னொரு முறை பாருங்கள். பாதிப் புலமை புதியவர்களிடமிருந்து வருகிறது! கேட்க ஆள் இல்லாத பண்டிதன் வாழ்நாள் முழுக்க ஐம்பது சதவீதத்தோடு நிற்கவேண்டியதுதான். அப்படியானால் வாசலில் நிற்பவன் தர்மத்துக்கு வந்தவன் இல்லை. உள்ளே இருப்பவர்களுக்குச் சேரவேண்டிய பாதியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவன்.

பவணந்தி கண்ணை மூடிக்கொண்டு எல்லோரையும் சேர்க்கச் சொல்லவும் இல்லை. சோம்பேறி, கர்வம் பிடித்தவன், சண்டைக்காரன் என்று சேர்க்கக் கூடாதவர்களின் பட்டியல் ஒன்றும் தருகிறார். மாணவர்களை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று தரம் பிரிக்கிறார். ஆனால் அதே கண்டிப்பை ஆசிரியர் பக்கமும் காட்டுகிறார் என்பதுதான் முக்கியம். ஆகாத ஆசிரியருக்கு அவர் சொல்லும் உவமைகளில் ஒன்று மடற்பனை. கருக்கு மட்டையால் யாரையும் கிட்டே அண்டவிடாது. பழம் தானாக விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இன்னொன்று பருத்திக் குண்டிகை, பஞ்சு அடைத்த குடுவை. அடைப்பதும் கஷ்டம், எடுப்பதும் கஷ்டம். எல்லாம் தெரிந்தவராக இருந்தும், கேட்கிறவனுக்கு ஒரு நூல்கூடப் பிரித்துத் தரத் தெரியாத பேர்வழிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை உடனே புரியும்.

66 நாள் மௌனம்

இனி மறுபடி திருப்பருத்திக்குன்றத்துக்கு வரலாம். அங்கே இருக்கும் பெரிய கோவில் திரைலோக்கியநாதர் கோவில். மூலவர் வர்த்தமானர், அதாவது மகாவீரர். விஜயநகர மன்னர்களின் தளபதியும் அமைச்சருமான இருகப்பர், தன் குரு புஷ்பசேனர் சொல்லி, 1387-88-ஆம் ஆண்டு வாக்கில் இங்கே ஒரு சங்கீத மண்டபம் கட்டினார். மண்டபத்தின் கூரை முழுக்கத் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை ஓவியங்கள். கதை தெரியாதவர்களுக்கும் புரியவேண்டும் என்று அடியில் எழுத்துக் குறிப்புகளும் உண்டு. அண்ணாந்து பார்த்துக்கொண்டே படித்துக்கொண்டு போகலாம்.

அந்த ஓவியங்களில் சமவசரணம் வருகிறது. தீர்த்தங்கரர் ஞானம் பெற்ற பிறகு உபதேசம் செய்யும் சபைதான் சமவசரணம். நடுவில் தீர்த்தங்கரர், சுற்றிலும் 12 பகுதிகள். முனிவர்களுக்கு ஒன்று, பெண் துறவிகளுக்கும் மற்றப் பெண்களுக்கும் ஒன்று, தேவர்களுக்குச் சில. மனிதர்கள் பகுதியில் சக்கரவர்த்தியும் சாதாரண ஆளும் ஒன்றாகவே உட்காரவேண்டும். பன்னிரண்டாவது பகுதி மிருகங்களுக்கு! அங்கே எழும் ஒலியை ஒவ்வொரு உயிரும் தன் தன் பாஷையிலேயே புரிந்துகொள்ளும் என்பது நம்பிக்கை. வந்த யாருக்கும் எங்கே போய் உட்காருவது என்ற குழப்பமே இல்லை. இடம் முன்கூட்டியே போட்டாயிற்று.

மகாவீரரின் சமவசரணம் தொடங்கியதைப் பற்றித் திகம்பர மரபில் ஒரு கதை உண்டு. தமிழ்ச் சமணர்கள் இந்த மரபைச் சேர்ந்தவர்கள்தான். மகாவீரருக்கு ஞானம் கிடைத்துவிட்டது. சபை தயார், கூட்டமும் தயார். ஆனால் அவர் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, 66 நாட்கள்! சொல்வதை வாங்கி மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தகுந்த ஒரு முதல் சீடர் இன்னும் வந்துசேரவில்லை என்பதுதான் காரணம்.

அந்த ஆள் எங்கே இருந்தார்? எதிர் முகாமில். இந்திரபூதி கௌதமர், வேதத்தில் கரைகண்ட பண்டிதர், 500 சீடர்களை வைத்திருந்தவர். இந்திரன் ஒரு கிழ பிராமணன் வேஷத்தில் அவரிடம் போய், என் குரு மௌனமாகிவிட்டார், இந்தச் செய்யுளுக்கு நீங்கள் அர்த்தம் சொல்லுங்கள் என்று கேட்டான். அவருக்குத் தெரியவில்லை. அதை ஒத்துக்கொள்ளவும் மனசில்லை. உன் குருவிடமே பேசிக்கொள்கிறேன் என்று வாதத்தில் ஜெயிக்கும் எண்ணத்தோடு கிளம்பி வந்தார். சமவசரணத்தின் வாசலில் மானஸ்தம்பம் என்ற உயரமான தூண் நிற்கும். அதைப் பார்த்ததும் அவருடைய கர்வம் கரைந்தது. உயிர் என்று ஒன்று உண்டா என்று அவர் மனசுக்குள் ரகசியமாக வைத்திருந்த சந்தேகத்துக்கே பதில் கிடைத்தது. அவர் முதல் கணதரர் ஆனார். மௌனம் கலைந்தது.

சண்டைக்கு வந்தவன் என்று கௌதமரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால்? எல்லாம் அறிந்தவரின் சபையே ஒரு புதியவருக்காகக் காத்திருந்தது என்று சொல்லும் இந்தக் கதையும், பாதிப் புலமை கேட்பவனால் வருகிறது என்ற பவணந்தியின் கணக்கும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

மிச்சம் இருப்பது

யுவான் சுவாங் பார்த்த நூற்றுச் சொச்சம் பௌத்த மடங்களில் ஒன்றுகூட இன்று காஞ்சியில் இயங்கவில்லை. அதற்கு அரசர்களின் ஆதரவு மாறியது போன்ற பல காரணங்கள் உண்டு. ஆனால் எந்தக் காரணமாக இருந்தாலும் கடைசியில் நடப்பது ஒன்றுதான். ஒரு நாள் புதிதாக யாரும் வராமல் போகிறார்கள். இருப்பவர்களுக்கு வயதாகிறது. கதவு சாத்தப்படுகிறது.

திருப்பருத்திக்குன்றத்தில் 6-ஆம் நூற்றாண்டில் ஒரு வஜ்ரநந்தி இருந்தார். 14-ஆம் நூற்றாண்டில் ஒரு புஷ்பசேனர் இருந்தார். இடையில் 800 வருஷங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒன்றும் தெரியாத யாரோ ஒருவர் வந்து நின்றிருக்கவேண்டும், யாரோ ஒருவர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் கணக்கு நேராகாது. பிற்காலத்தில் மடம் திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் மேல்சித்தாமூருக்கு மாறியது. ஊர் மாறினாலும் பெயரை விடவில்லை. இன்றும் அது ஜினகாஞ்சி மடம்தான்.

கூட்டம் எதுவாக இருந்தாலும், ஊர்ச்சங்கமோ, வாசகர் வட்டமோ, கல்லூரி மன்றமோ, முதல் நாள் தயங்கித் தயங்கி வந்து ஓரமாக நிற்கும் ஓர் ஆள் இருப்பார். அசட்டுத்தனமாக ஏதோ கேட்பார். பத்துத் தடவை பதில் சொல்லியாகிவிட்ட கேள்வியாகத்தான் அது இருக்கும். பதினோராவது தடவையும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பவணந்தி கணக்குப்படி பாக்கிப் பாதி அங்கேதான் இருக்கிறது.